மூக்கில் ஏறாத சோடா

அண்ணாச்சி, தென்காசிக்குத்தான? நல்லதாப் போச்சு. நான் பாவூர்சத்திரத்துல எறங்கிருவேன். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. ஒரே ஒரு விஷயம் சொல்லி வச்சிருதேன், பயந்துராதீய. ஒருவேளை நான் அப்பிடியே சரிஞ்சு கைகாலு வெட்டி இழுத்துச்சுன்னா, தலை எதுலயும் இடிக்காம ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருங்க. கொஞ்ச நேரத்துல எந்திச்சிருவேன். கையில சாவி மட்டும் குடுக்காதீய.

ஏன்னா எங்க வீட்ல ஏற்கெனவே ஒம்பது சாவி கெடக்கு. நான் விழுந்த எடத்துலல்லாம் எவனாவது ஓடியாந்து ‘இரும்பக் குடு, இரும்பக் குடு’ன்னு திணிச்சிட்டுப் போயிருவான். தெளிஞ்சு பாத்தா சாவி இருக்கும், ஆளு இருக்க மாட்டான். சைக்கிள் சாவி, பீரோ சாவி. ஒரு தடவ கல்யாண மண்டபத்துச் சாவி. மாப்பிள்ள வீட்டுக்காரன் பூராப்பேரும் வெளிய ரோட்டுல நிக்கான்.

இல்ல இல்ல, நீங்க தள்ளி உக்கார வேண்டாம். இப்ப வராது. பத்து மாசமாச்சு. பக்கத்து சீட்டுக்காரர்ட்ட சொல்லிரணும்னு வீட்ல சத்தியம் வாங்கிருக்கா, அதான். இன்னைக்குத்தான் மொத தடவயா ஆஸ்பத்திரிக்குத் தனியா விட்டிருக்கா.

எம் பேரு சங்கிலிபூதத்தான். ஆஸ்பத்திரியில அந்த நர்சம்மாவுக்கு முழுப்பேரு சொல்ல நேரமில்ல. ‘பூதம்! பூதம் வந்திருக்கா?’ங்கா. அம்புட்டு சனமும் திரும்புது. நான் கையத் தூக்கிட்டு எந்திக்கேன். ஒரு சின்னப்புள்ள அழுதுட்டு.

சோடாக் கம்பெனி வச்சிருக்கேன். பல்லி மார்க் சோடா. சிரிக்காதீய. எங்கப்பா கம்பெனி ஆரம்பிக்கணும்னு சொன்ன நேரத்துல பல்லி சத்தம் குடுத்துச்சாம், நல்ல சகுனமாம். சரி, சத்தம் குடுத்துச்சுன்னா ஒரு சூடத்தக் கொளுத்திட்டுப் போவீரா, இல்ல, பாட்டில்ல பல்லியப் படம் போடுவீரா? முப்பத்தாறு வருசமா ‘அண்ணாச்சி, பல்லி விழுந்த சோடா ஒண்ணு குடுங்க’ன்னுதான் கேக்கான். ஆனா வாங்குதான். ஏன் வாங்குதான்? கேஸு! நம்ம சோடா மூக்குல ஏறும். மூக்குல ஏறலன்னா அது சோடா இல்ல அண்ணாச்சி, கோலி போட்ட குடிதண்ணி.

இந்த வலிப்பு எனக்கு நாப்பது வயசுக்கு மேலதான் வந்துது. மொதல்ல ஒரு மாத்திரை குடுத்தாவ. அது வலிப்பப் பாதி நிறுத்துச்சு, ஆனா கோவம் வந்துட்டு. எப்பேர்ப்பட்ட கோவம்ங்கிய? கோயில்ல மைக்செட்காரன் ‘ஒன், டூ, த்ரீ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ’ங்கான். நான் ரோட்டுல போறவன். நேரா மேல ஏறிப்போயி சட்டையப் பிடிச்சிட்டேன். ‘நாலு எங்கலே?’ங்கேன். அவன் முழிக்கான். ‘காலைல இருந்து மூணுலயே நிக்கியே, நாலு எங்க வச்சிருக்க?’ங்கேன். நாலு பேரு சேந்து பிரிச்சு விட்டாவ. மைக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துருக்கு. ஊரு பூராக் கேட்டிருக்கு.

பொறவு டாக்டரம்மா வேற மாத்திரை மாத்துனாவ. இது தங்கமான மாத்திரை. வலிப்பு கப்புன்னு நின்னுட்டு. கோவமும் போயிட்டு. ஆனா பாருங்க, வெரல் நுனியில எப்பவும் எறும்பு ஊருத மாதிரி இருக்கும். பசி கெடையாது. இடுப்பு அஞ்சு இஞ்சு கொறஞ்சுட்டு. ஒரு நாளு பேங்க்ல கையெழுத்துப் போட, பேண்டப் பிடிச்சிருந்த ரெண்டு கையயும் மேல தூக்குனேன், பேண்ட் எனக்கு முன்னாடி கீழ உக்காந்துட்டு. அப்பறம் இந்தச் சொல்லு தட்டும். நாக்கு நுனியில நிக்கும், வராது. ஒரு நாளு எம் பொண்டாட்டியக் கூப்பிட வாயத் தொறக்கேன், பேரு வரல. இருபத்திரண்டு வருசக் குடும்பம். ‘ஏ... ஏ... ஏ...’ன்னு நிக்கேன். அவ அடுப்பங்கரையில இருந்து எட்டிப் பாத்து, ‘பூரணம்’ங்கா. ‘ஆமா, பூரணம், கொஞ்சம் தண்ணி குடு’ன்னேன்.

இதெல்லாம் டாக்டரம்மா மொதல்லயே சொல்லிட்டாவ. ரொம்ப வெவரமானவிய. வெரல் மரக்கும், பசி அடங்கும், சொல்லு தட்டும், தண்ணி நெறயக் குடிக்கணும், கூல்டிரிங்க்ஸ் ருசி மாறித் தெரியும். எல்லாம் சொன்னாவ. நான் சொன்னேன், ‘மேடம், கூல்டிரிங்க்ஸ நான் கையால தொடுறதே இல்ல. அது நம்ம பரம்பரை எதிரி’ன்னேன். அவிய சிரிச்சிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாவ. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. சோடாவப் பத்தி அவிய ஒரு வார்த்தை சொல்லல, பாத்துக்கிடுங்க.

இப்ப விஷயத்துக்கு வாரேன். வலிப்பு வந்ததுல இருந்து மெஷின் பக்கம் நான் போகக்கூடாதுன்னுட்டா பூரணம். கண்ணாடி பாட்டிலு, கேஸு, சுத்துற சக்கரம், நீங்க விழுந்தா என்னாகும்ங்கா. நியாயம்தான். மெஷின எம் மச்சினன் கொம்பையாட்ட குடுத்தா. அவ தம்பிதான். கணக்கு வழக்கு அவ எடுத்துக்கிட்டா. கடைகடையாப் பெட்டி போடுற லைனுக்கு வண்டி ஓட்டக்கூடாது, அது டாக்டரம்மா சொன்னது. அப்ப எனக்கு என்ன மிச்சம்? மொத பாட்டிலு. காலைல மெஷின்ல இருந்து வார மொத பாட்டில ஒடச்சு, மொதலாளி குடிச்சுப் பாத்து, ‘போகட்டும்’ங்கணும். அப்பறம்தான் பெட்டி வெளிய போகும். எங்கப்பா காலத்துப் பழக்கம். அந்த ஒரு வாய்க்குத்தான் நான் அந்தக் கம்பெனிக்கு மொதலாளி. அது போச்சுன்னா, பல்லி மாதிரி நானும் செவத்துல ஒட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

ஒரு நாளு குடிக்கேன். சப்புன்னு இருக்கு. கேஸே இல்ல. துருப்பிடிச்ச ஆணிய ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்கு. ‘எலே கொம்பையா, கேஸு பத்தல, கூட்டு’ன்னேன். கூட்டுனான். மறுநாளும் அதே ஆணித்தண்ணி. பாட்டில் கழுத்துல இருக்க ரப்பர் வாசரப் பாத்தேன். தண்ணித் தொட்டியக் கழுவுனேன். கேஸு கொண்டு வார பயலப் பிடிச்சு, ‘என்னலே, அந்த... அந்த... உருண்டையா, ஒசரமா, இரும்புல நிக்குமே...’ அவன் ‘யாரு அண்ணாச்சி, எங்க மாமாவா?’ங்கான். ‘சிலிண்டர்லே! சிலிண்டர்ல என்னத்த அடைச்சுக் கொண்டு வாரீய, காத்தா?’ன்னேன். அவன் இன்னைக்கி வரைக்கும் என்னக் கண்டா மறுபக்கமாப் போறான்.

கொம்பையாவும், ‘அத்தான், கூட்டிட்டேன், இப்ப குடிங்க’ன்னு தெனமும் ஒரு பாட்டில நீட்டுவான். குடிச்சா, பரவாயில்ல, லேசா ஒரு சுருக்கு தெரியும். லேசா. ‘ம்ம், போகட்டும்’ன்னுவேன். ஆனா மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது. இவன் கேஸக் களவாங்குதான். எங்கயோ கொண்டு போயி விக்கான். சொந்த மச்சினன்! களவாண்ட கேஸ எதுல வச்சுக் கொண்டு போவான்னு கேக்காதீய, அதெல்லாம் அன்னைக்கி நான் யோசிக்கல.

போன மாசம் எங்க சொடலமாடன் கோயில் கொடைத் திருவிழா. சோடா பூரா நம்ம கம்பெனிதான், எட்டுப் பெட்டி. அன்னைக்குக் காலைல கொம்பையா சாப்பிடப் போன நேரம், நான் பைய மெஷின் பக்கம் போனேன். பூரணம் வீட்ல இருக்கா, பாக்க ஆளில்ல. மீட்டர் முள்ளு எங்க நிக்கணுமோ அங்கதான் நிக்கு. அதப் பாத்ததும் எனக்குச் சந்தேகம் உறுதியாயிட்டு. பய முள்ளயும் சரிபண்ணி வச்சிருக்கான்! தொறந்து விட்டேன் பாருங்க. முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயி மூச்சு வாங்குது. எட்டுப் பெட்டியயும் நானே சுத்துனேன். அஞ்சு வருசத்துக்கப்பறம் சக்கரத்துல கை வச்சது. எறும்பு ஊருத வெரலுதான், ஆனாலும் சொகம். ஒண்ணக் குடிச்சுப் பாத்தேன். சுமாரா இருந்துச்சு. சுமாராத்தான். நானே கொண்டு போயி எறக்க வச்சேன்.

மத்தியானக் கொடை. ரெண்டு மணி வெயிலு. வில்லுப்பாட்டு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். எங்க ஊரு டெய்லர் மாசானமுத்துதான் சாமியாடி. சும்மா இருக்கும்போது பட்டன் தைக்க நாலு நாளு இழுப்பாரு. சாமி வந்துட்டா புயலு. ஆடி ஆடிக் களைச்சுப் போயி, குறி சொல்ல நின்னாரு. ஒரு பொம்பள கும்பிட்டுக்கிட்டுக் கேக்கா, ‘சாமி, எம் மவளுக்கு மாப்பிள்ள அமையல, எப்பய்யா முடியும்?’ங்கா. சாமி எளநிக்குக் கையக் காட்டுச்சு. எளநி வெட்டுறவன் அருவாளத் தேடிக்கிட்டு இருக்கான். சாமிய வெயில்ல காக்க வைக்கலாமா? நான் ஒரு சோடாவ ஒடச்சு நீட்டுனேன். கோலி உள்ள போகல, அண்ணாச்சி. பெருவெரலு போட்டு, உள்ளங்கை போட்டு, பொறவு ஒரு கட்டையால குத்தித்தான் எறக்குனேன். சாமி ஒரே மடக்கு. கடகடகடன்னு.

குடிச்சிட்டு, ‘ஆ...ய்! முடியும்டீ! வர்ற தையில முடியும்! வடக்க இருந்து ஒருத்தன் வாறான்... வாறான்... வா...’ன்னாரு. அந்த ‘வா’லயே நின்னுட்டாரு. கண்ணு ரெண்டும் பெருசாகுது. கன்னம் உப்புது. மேளக்காரன் சாமி உக்கிரம் கூடுதுன்னு அடியக் கூட்டுதான், டண்டக்கு டண்டக்கு டண்டக்கு. சாமி கைய நீட்டி வேண்டாம் வேண்டாம்ங்கு. அப்ப வந்துது பாருங்க.

ஏஏஏஏ...வ்வ்வ்!

மன்னிச்சிருங்க. கண்டக்டர், ஒண்ணுமில்ல, நீங்க டிக்கெட்டப் பாருங்க. ஆனா அதே அளவுதான், கூட்டிச் சொல்லல. மேளம் நின்னுட்டு. வில்லுக்காரரு கையில இருந்த கோலக் கீழ விட்டுட்டாரு. அடுத்தது மூக்கு வழியா வந்துது. சாமி கண்ணுல மாலை மாலையாத் தண்ணி. அந்தப் பொம்பள, ‘ஐயோ, எம் மவ கதையச் சொல்லும்போது சாமி அழுதாரே!’ன்னு அவளும் அழுதா. மூணாவது ஏப்பம் முடிஞ்சு சாமி வாயத் தொறந்தா, டெய்லரு கொரலு. ‘எலே, எவம்லே இந்த சோடாவக் குடுத்தவன்?’ங்காரு. அம்புட்டுதான். சாமி மலையேறிட்டு. அந்தப் பொம்பள விடல. ‘வடக்கன்னா எந்த ஊருன்னு மட்டும் சொல்லும்யா’ன்னு வேட்டியப் பிடிக்கா. இவரு, ‘எனக்கென்னம்மா தெரியும், நான் டெய்லரு’ங்காரு.

அந்த நேரத்துல வெயில்ல இருந்த பெட்டிக்குள்ள டப்பு, டப்பு, டப்புன்னு ஒண்ணு ஒண்ணா வெடிக்கு. நல்லவேளை, மேல ஈரச் சாக்கு போட்டிருந்துச்சு, ஒருத்தன் மேலயும் தெறிக்கல. சனம் வேட்டுப் போடுதாவன்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டு.

கொம்பையா ஓடியாறான். ‘அத்தான், யாரு முள்ள ஏத்துனது?’ங்கான். ‘நாந்தாம்லே. நீ இத்தன நாளு களவாண்டத ஒரே நாள்ல அடைச்சுட்டேன்’னேன். அவன் அப்பிடியே மணல்ல உக்காந்துட்டான். ‘அத்தான், நான் களவாங்கல. ஒங்க பாட்டில் மட்டும் தனி. ஏழு மாசமா ஒங்களுக்குன்னு ஒண்ணே ஒண்ணு டபுளா அடைப்பேன். மத்ததெல்லாம் பழைய அளவு. அந்த ஒண்ணக் குடிச்சா மாட்டுக்கே மூக்குல ஏறும், நீங்க குடிச்சிட்டு வாயத் தொடச்சிட்டு ‘ம்ம், போகட்டும்’ங்கிய. எனக்கு ஒங்களப் பாத்தாலே பயமா இருக்கு’ங்கான்.

‘யாரு சொல்லிலே இதச் செஞ்ச?’

‘அக்காதான்.’

கேட்டியளா? நான் ஏழு மாசமா ‘போகட்டும்’ன்னது எனக்கு மட்டும் அடைச்ச சோடாவ! கம்பெனி சோடா எனக்குத் தெரியாமலே தெனமும் போயிக்கிட்டு இருந்திருக்கு. என்ன ஒரு துரோகம்! ஊருல ஒருத்தன்கூடக் கொறை சொல்லலியான்னு கேக்கியளா? சொல்லல. அது வேற விஷயம்.

வீட்டுக்குப் போனேன். பூரணம் மூணு டம்ளர வச்சா. ஒண்ணுல நம்ம சோடா. ஒண்ணுல ஆலங்குளத்துக்காரன் சோடா. ஒண்ணுல கடையில வாங்குன கருப்புக் கூல்டிரிங்க்ஸ். என் வீட்டுக்குள்ள! குடிங்கன்னா. குடிச்சேன். மூணும் ஆணித்தண்ணி. நான் என்ன முடிவுக்கு வருவேன், நீங்களே சொல்லுங்க? ‘பூரணம், ஜில்லா பூராவுமே கேஸு கெட்டுப் போச்சு’ன்னேன்.

அவ என்ன ஒரு பார்வை பாத்தா. ‘டாக்டரம்மா ருசி மாறும்னு சொன்னாவளா இல்லையா?’ங்கா.

‘அது கூல்டிரிங்க்ஸுக்குச் சொன்னது.’

‘சோடாவும் அதுல சேத்திதான்.’

இருபத்திரண்டு வருசமா சோடாக் கம்பெனிச் சோறு தின்னுட்டு இந்த வார்த்தையச் சொல்லுதா, அண்ணாச்சி! ரெண்டு நாளு நான் பேசல. அதுல ஒரு நாளு பேரு வராததும் உண்டு.

மூணாவது நாளு சொல்லிட்டேன். இந்த மாத்திரைய மாத்தணும். ஒரு சோடாக்காரனுக்கு நாக்கு இல்லன்னா அவன் எதுக்கு? பூரணம் ‘நீங்களாப் போயிச் சொல்லுங்க, நான் வரல. என்ன முடிவுன்னாலும் ஒங்க வாயால சொல்லிட்டு வாங்க’ன்னு டிபன் டப்பாவக் கையில குடுத்துட்டா. சீட்டு மட்டும் எழுதிக் குடுத்தா, ‘நானா மாத்திரைய நிறுத்த மாட்டேன்’னு. கையெழுத்துப் போட்டேன்.

இன்னைக்குக் காலைல போயி டாக்டரம்மாட்ட நடந்ததெல்லாம் சொன்னேன். டெய்லரு ஏப்பத்தையும் செஞ்சு காட்டுனேன். வெளிய இருந்து நர்சம்மா ஓடியாந்துட்டா. டாக்டரம்மா கண்ணத் தொடச்சிட்டு, ‘சார், கேஸு அடைச்ச எதுவுமே அப்பிடித்தான் தெரியும். சோடாவும்தான். நாக்குக்கு நோவு கெடையாது, மாத்திரையோட வேல அது’ன்னாவ. சரி, ஒரு டாக்டர் சொல்லும்போது ஒத்துக்கிட வேண்டியதுதான். இருந்தாலும் கேஸுலயும் கொஞ்சம் கோளாறு இருக்குன்னு இப்பவும் நான் சொல்லுவேன்.

‘மாத்தலாம்’னாவ. ‘இதப் பையப் பையக் கொறச்சு, வேற ஒண்ணப் பையப் பையக் கூட்டணும். ஆனா புது மாத்திரை இதே மாதிரி கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது. வலிப்பு திரும்ப வந்தாலும் வரலாம். ஒங்க முடிவுதான்’னாவ. நான் ‘மாத்துங்க மேடம்’னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். அதுக்குள்ள ஒரு கேள்வி கேட்டாவ. ‘வலிப்பு நின்னதுல ஒங்களுக்கு என்ன சௌகரியம்?’

‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லத்தான் நெனச்சேன். வாயில வந்தது என்ன தெரியுமா?

‘தாப்பா.’

அவியளுக்குப் புரியல. அண்ணாச்சி, நீங்க தாப்பாப் போடாமக் குளிச்சிருக்கியளா? நான் அஞ்சு வருசம் குளிச்சிருக்கேன். உள்ள விழுந்துட்டா கதவ ஒடைக்கணும்லா? அதனால கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். வெளிய பூரணம் கீரை ஆஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பா. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க, ‘இருக்கியளா?’ ‘இருக்கேன்.’ ‘இருக்கியளா?’ ‘இருக்கேன்டி.’ ஒரு நாளு வாய் கொப்பளிக்கேன், வாய் நெறயத் தண்ணி, எப்பிடிப் பதில் சொல்ல? ‘ளொளொளொ’ன்னேன். பூரணம், கொம்பையா, பால்காரரு, மூணு பேரும் உள்ள நிக்காவ. நான் நிக்கேன். சோப்பு மட்டும்தான் மேல இருக்கு. பால்காரரு அந்தப் பதட்டத்துல என் கையில சைக்கிள் பெல்லக் குடுக்காரு.

இந்த மாத்திரை ஆரம்பிச்சு ஆறு மாசம் கழிச்சு, ஒரு நாளு பூரணமே கடைக்குப் போயி ஒரு தாப்பா வாங்கிட்டு வந்தா. நல்ல கனமான எவர்சில்வர் தாப்பா. ஆசாரிய வரச்சொல்லி அடிச்சா. எம் முன்னாடி ஒருக்கப் போட்டுக் காமிச்சா, எடுத்துக் காமிச்சா, அடுப்பங்கரைக்குள்ள போயிட்டா. நான் அன்னைக்கி உள்ள போயி தாப்பாவப் போட்டுட்டு, குளிக்கவே இல்ல. சும்மா நின்னேன்.

இத டாக்டரம்மாட்ட சொன்னேன். சொல்லி முடிச்சிட்டு நானே சொன்னேன், ‘மேடம், இந்த மாத்திரையவே எழுதிருங்க’ன்னு. அவிய எழுதிட்டாவ. அடுத்த பூதத்தக் கூப்பிட்டாவ.

அப்பறம் பஸ் ஸ்டாண்டுல நின்னு கொம்பையாவுக்குப் போனப் போட்டேன். மனசக் கல்லாக்கிட்டுச் சொல்லுதேன், ‘எலே, நாளைல இருந்து மொத பாட்டில நீ குடிலே. நீயே போகட்டும்னு சொல்லு. இன்னையோட நான் விட்டுட்டேன்’னேன். அந்தப் பய என்ன சொல்லுதான் தெரியுமா? ‘அத்தான், நான் எட்டு மாசமாக் குடிச்சுக்கிட்டுதான இருக்கேன்’ங்கான். ஒரு மரியாதைக்காவது கொஞ்சம் தயங்கிருக்கலாம்லா?

பொறவு அவனுக்கே பாவமா இருந்திருக்கும் போல. ‘அப்ப நீங்க காலைல என்ன அத்தான் செய்வீய?’ங்கான்.

‘குளிப்பேம்லே’ன்னேன். ‘தாப்பாவப் போட்டுட்டு ஒரு மணி நேரம் குளிப்பேன்’னேன்.

பூரணம் இப்பவும் வெளிய நின்னு கேக்கத்தான் செய்யுதா, அண்ணாச்சி. தாப்பா வாங்கிக் குடுத்தாளே ஒழிய, ‘இருக்கியளா?’ங்கிறத விடல. கேக்கட்டும். மொத தடவ நான் பதில் சொல்ல மாட்டேன். ரெண்டாவது தடவயும் சொல்ல மாட்டேன்.

மூணாவது தடவ சொல்லிருவேன். பாவம்லா.